ஆடு கடிக்குது, ஆயாம்மா

டிசம்பர் மாதத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டிருந்தால் ஜூனில் சேருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஜூனில் குழந்தைகள் அழும், அவ்வளவுதான். டிசம்பரில் டீச்சர்களும் அழுவார்கள்.

நான் பம்மல் பக்கத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு ஆரம்பப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்தவள். படிப்பு மூன்றாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்த வகுப்பை என்னளவு படித்தவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு குழந்தைக்கும் பல் விழுந்ததில்லை.

மணி அடிப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, கால்சட்டையை நனைத்துக்கொண்ட பிள்ளையைக் கழுவி விடுவது, இதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதற்காக நான் இவ்வளவு கஷ்டப்பட்டு எழுத வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது பத்து நிமிஷத்தைப் பற்றி.

எண்பதுகளின் நடுவில் முதல் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தார். பெயர் வேண்டாம், டீச்சர் என்றே சொல்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் பூ வைத்துக்கொண்டு வருவார். சர்ச்சுக்குள் கால் வைத்தவர் இல்லை. ஆனால் முதல் வகுப்பு டீச்சர்தான் கிறிஸ்துமஸ் நாடகம் போட வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். யார் வந்தாலும் அது அவர் தலையில்.

அவர் அப்போது நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருஷமாகத் தற்காலிகம். ஹெச்.எம். அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “தாளாளர் ஐயா விழாவுக்கு வர்றார். உங்க ஆர்டர் டைப் ஆயிடுச்சு. விழா நல்லபடியா முடிஞ்சா மறுநாள் கையெழுத்துப் போட்டுடுவார்.” டீச்சர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நல்லாயில்லை. வயிற்றுவலிக்காரர் சிரிப்பது மாதிரி இருந்தது.

டிசம்பரில் ஒரு டீச்சருக்கு என்ன வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அரையாண்டுப் பரீட்சை. முதல் வகுப்பில் பாதிக்கு மேல் வாயால் கேட்டு மார்க் போட வேண்டும். ஒரு பிள்ளை மேஜைக்கு வந்து பாட்டுச் சொன்னால் மீதி நாற்பது பிள்ளையும் கூடவே சொல்லும். மழை பெய்தால் கூரை ஒழுகும், இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைப்போம். மத்தியானம் ஒத்திகை. டீச்சருக்கு ஒரு கையில் சிவப்பு மைப் பேனா, இன்னொரு கையில் கத்தரிக்கோல். பேப்பரும் திருத்துவார், தேவதைக்கு இறக்கையும் வெட்டுவார். சாப்பாட்டு டப்பாவை மூன்றரை மணிக்குத் திறப்பார். அந்த வருஷம் வீட்டுக்குப் போன ரேங்க் கார்டு எல்லாவற்றிலும் ஜிகினா ஒட்டியிருந்தது.

ஒருநாள் கேட்டார், “ஆயாம்மா, தொழுவத்துல மாடுதானே இருக்கும்? ஆடு எதுக்கு?”

“மேய்ப்பர்கள் பாக்க வருவாங்களே டீச்சர். ஆட்டை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க? கூட்டிக்கிட்டுத்தான் வருவாங்க.”

“சரி, எத்தனை ஆடு போடலாம்?”

“பாட்டு வராத பிள்ளைங்க எத்தனையோ, அத்தனை ஆடு.”

டீச்சர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். எண்ணிப் பார்த்ததில் ஆறு.

அதற்கு முந்தின வருஷத்து ஆடுகளுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். தூறலில் பஞ்சு நனைந்து ஊறின இட்லி மாதிரி தொங்கியது. தாளாளர் ஐயாவே சிரித்துவிட்டார். அதனால் நான் சொன்னேன், “டீச்சர், ஆட்டை என்கிட்ட விடுங்க. நிஜ ஆட்டு முடியிலயே தெச்சுக் குடுக்கறேன்.” கேட்காத வேலையை வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது பெருமையாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே தோலிலிருந்து பிடுங்கின ஆட்டு முடி மலையாகக் குவிந்து கிடக்கும். ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னேன்.

“இன்னாத்துக்கு அது? மெத்தை தெக்கப் போறியா?”

“பள்ளிக்கூடத்துல ஆடு செய்யணும்.”

“ஊருல ஆடே இல்லியா? தோ பாரு, அதுல சுண்ணாம்பு கீது. சுண்ணாம்பு தடவித்தான் முடியப் புடுங்கறோம். ஏழு தண்ணி அலசணும். சும்மா முக்கி எடுத்துட்டு வந்துடாத. என் கையப் பாத்துக்கினுதான இருக்க?”

அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். சோறு பிசையும்போது குழம்பு பட்டால் கையை உதறுவார். தினமும் பார்த்த கைதான்.

நான் மூன்று தண்ணீர் அலசினேன். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, மழைக்காலம். நேரம்தான் இல்லை. பரீட்சை வாரம், வெயில் வேறு இல்லை, ஒவ்வொரு தரமும் பிழிந்து காயவைக்க இடமில்லை. மூன்றாவது தண்ணீர் முடிந்ததும் முகர்ந்து பார்த்தேன். தோல் கம்பெனி நாற்றம் போயிருந்தது. நாற்றம் போனால் சுண்ணாம்பும் போய்விட்டது என்று என் மூக்கு சொன்னது. சத்துணவு அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் காயவைத்து, ஆறு பனியனில் வரிசை வரிசையாகத் தைத்தேன். தலைக்கு ஒரு குல்லா, இரண்டு காது.

ஒத்திகையில் பிள்ளைகள் சட்டைக்கு மேலே போட்டார்கள். ஹெச்.எம். அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “கடையில வாங்கினாப்பல இருக்கு ஆயாம்மா” என்றார். அன்று நான் அந்த வராந்தாவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. ஷாமியானா போட்டாயிற்று. முன் வரிசையில் நாற்காலி, விருந்தாளிகளுக்குப் போர்த்துவதற்குத் தட்டில் அடுக்கின தேங்காய்ப்பூத் துண்டுகள். பிள்ளைகளுக்கு வேஷம் போடும்போது பார்த்தால் ஆட்டுக் கழுத்தில் யூனிபார்ம் காலர் எட்டிப் பார்க்கிறது. “சட்டையைக் கழட்டிடலாம் டீச்சர். ஆட்டுக்கு எங்கயாவது காலர் உண்டா?” என்றேன். அதுவும் என் யோசனைதான். டீச்சர் மரியாளுக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்தார், சரி என்று தலையாட்டினார். வெறும் உடம்பில் பனியனை மாட்டினேன். வகுப்பிலிருந்து மேடைக்குப் பின்னால் ஓடுவதற்குள் ஒரு தூறல் வேறு போட்டது.

ஆறு ஆட்டில் சின்ன ஆடு செல்வி. ஆறு வயது, மேல் பல் இரண்டும் இல்லை. வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“ஆயாம்மா, ஆடு கடிக்குது.”

“நீதான்டி ஆடு. நீயே உன்னைக் கடிச்சுக்குவியா?”

“நான் இல்ல. இது கடிக்குது.”

குல்லாவைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தது. அந்த நொடியே எனக்கு என் வீட்டுக்காரர் விரல் ஞாபகம் வந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் பொய். எல்லாம் புரிந்தது.

புரிந்து நான் என்ன செய்தேன்? வேஷத்துக்கு வைத்திருந்த பவுடர் டப்பாவை எடுத்தேன். கழுத்திலும் முதுகிலும் கொட்டினேன். “கொஞ்ச நேரம்தான் கண்ணு. அசையாம நில்லு. அப்புறம் பெரிய மிட்டாய் தர்றேன்.” அவளும் நின்றாள். நான் சொன்னால் நிற்கும் பிள்ளை.

தாளாளர் ஐயா வந்து உட்கார்ந்துவிட்டார், இப்போது நிறுத்தினால் டீச்சர் ஆர்டர் போய்விடும், அதனால்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, கடையில் வாங்கினாப்பல இருக்கு என்று வாங்கின பேர்.

மேடையில் ஜெபம் நடந்தது, வரவேற்புரை நடந்தது. அப்படி ஒரு பத்து நிமிஷம். இரண்டாவது ஆடு சொறிய ஆரம்பித்தது, மூன்றாவது அழ ஆரம்பித்தது. நான்காவது பையன் கழுத்தைச் சொறிந்த கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தோல் கம்பெனிக்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித் தர வேண்டாம்.

டீச்சரிடம் ஓடினேன். “டீச்சர், தப்பு என்மேல. முடியில சுண்ணாம்பு போகல. பிள்ளைங்க உடம்பு எரியுது.”

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்துவிட்டு, “எத்தனை பேருக்கு?” என்றார்.

“மூணு பேருக்குத் தெரியுது. ஆறு பேரும் போட்டிருக்காங்க.”

“ஆறு பேருக்கும் கழட்டுங்க. கையைப் புடிச்சுக்கோங்க, கண்ணுக்குப் போகக் கூடாது. தொட்டிக்குக் கூட்டிட்டு வாங்க.”

ஹெச்.எம். அம்மா வழி மறித்தார். குரல் மட்டும் ரகசியம், முகம் கத்தியது. “டீச்சர், அடுத்தது உங்க நாடகம்! பத்து நிமிஷம்தானே, முடிச்சுட்டுக் கழுவக் கூடாதா?”

“பத்து நிமிஷத்துல கண்ணுல பட்டா நாம என்ன மேடம் பண்றது? அஞ்சாம் வகுப்பை இன்னும் ரெண்டு பாட்டுப் பாடச் சொல்லுங்க.”

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். விழாவுக்கென்று கட்டி வந்த பட்டுப்புடவை. செல்வியை அவரே பிடித்துக்கொண்டார். மொண்டு மொண்டு ஊற்றினார். மார்கழிக் குளிர், பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதன. நான் போதும் என்று நினைத்தபோது, “இன்னும் ஊத்துங்க” என்றார். மூன்றாம் முறையும், “இன்னும் ஊத்துங்க” என்றார். ஷாமியானாவில் ஐந்தாம் வகுப்பு இரண்டு பாட்டும் பாடி முடித்து முதல் பாட்டையே திரும்பப் பாடியது.

நாடகம் ஏன் வரவில்லை என்று தாளாளர் ஐயாவே பின்பக்கம் வந்துவிட்டார். தொட்டியடியில் ஆறு பிள்ளைகள் அம்மணமாக, டீச்சர் தலை முதல் கால் வரை நனைந்து.

“என்னம்மா இது?”

“டிரெஸ் ஒத்துக்கல ஐயா. கழுவிட்டு வர்றோம்.” டீச்சர் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

அவர் திரும்பிப் போனார். துடைக்கத் துணி இல்லை. டீச்சர் ஈரக்காலோடு போய், விருந்தாளிகளுக்கு வைத்திருந்த தேங்காய்ப்பூத் துண்டை அப்படியே தட்டோடு எடுத்து வந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றாகச் சுற்றினோம். “ஆடு வேண்டாம். இவங்க அஞ்சு பேரும் முன்னாடி பாயில என் கண்ணெதிர்ல உக்காரட்டும். நீங்க செல்வியை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.”

அதனால் நாடகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்கள். மேடையில் மேய்ப்பன் வந்து, எங்கள் ஆடுகளையும் அழைத்து வந்திருக்கிறோம் என்று வெறும் கையைக் காட்டினானாம். கீழே பாயில் துண்டு சுற்றிக்கொண்டு பிஸ்கட் தின்ற ஐந்தும், ‘மே’ என்று கத்தினவாம். கூட்டம் சிரித்ததாம்.

டாக்டர் செல்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம்.

“யார் கழுவினது?”

“டீச்சர், ஐயா.”

“நல்லாக் கழுவியிருக்காங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி கழுவியிருந்தா இதுவும் வந்திருக்காது.”

மற்ற ஐந்து பேருக்கும் சாயங்காலத்துக்குள் சிவப்பு அடங்கிவிட்டது. கொப்புளம் வந்தது நான் பவுடர் போட்டு நிற்க வைத்தவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். செல்வியின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். போடாமல் என்ன செய்வார்? தாளாளர் ஐயா எதிரில் டீச்சருடைய ஆர்டர், அதன்மேல் கண்ணாடிக் குண்டு வைத்திருந்தது. நான் கதவோரம் நின்றேன்.

“டீச்சர், நீங்க நல்லாச் சமாளிச்சீங்க” என்றார் ஐயா. “ஆனா பெத்தவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். ஆயாவை நிறுத்திடலாம். அதோட விஷயம் முடிஞ்சுது.” பேனா மூடியைக் கழற்றினார்.

டீச்சர் எழுந்து நின்றார். “ஐயா, ஆயாம்மா தெரிஞ்ச உடனே ஓடி வந்து சொன்னாங்க. சொன்னதுக்கு நிறுத்தினா நாளைக்கு இங்க யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. பிள்ளைங்க உடம்புல என்ன ஏறுதுன்னு பாக்க வேண்டியது வகுப்பு டீச்சர். தப்பை என் பேர்ல எழுதிக்கோங்க.”

ஐயா என் பக்கம் திரும்பினார். “உடனே சொன்னியாம்மா?”

தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவர் பேனாவை மூடினார். கண்ணாடிக் குண்டைத் தள்ளி ஆர்டரை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். “ஜூன்ல பாக்கலாம்” என்றார். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய் ரேங்க் கார்டு கொடுத்தார்.

அந்தப் பண்டிகை எங்கள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு முறுக்கு சுட்டேன், ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

“இன்னா பேஜாரா உக்காந்துகினு கீற, பண்டிகை நாளும் அதுவுமா?” என்றார் வீட்டுக்காரர். சொன்னேன், பவுடர் வரைக்கும் சொன்னேன்.

“ஏழு தண்ணின்னு சொன்னேனா இல்லியா?” என்றார். “அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வா. இந்த மூஞ்சிய வெச்சுகினு வூட்ல சுத்தாத.”

பண்டிகைக்கு மறுநாள் ஒரு தூக்கில் அச்சு முறுக்கு எடுத்துக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனேன். டீச்சருடைய மாமியார் கதவைத் திறந்தார்.

“ஆடு தெச்ச ஆயாம்மா நீங்கதானா? வாங்க வாங்க. எங்க மருமகளுக்கு நல்ல கிறிஸ்துமஸ் பரிசு குடுத்தீங்க.”

“அத்தை, சும்மா இருங்க. உள்ள வாங்க ஆயாம்மா.” பின்கட்டில் அந்தப் பட்டுப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமெல்லாம் சாயம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

“டீச்சர், நான் உடனே சொல்லல. பத்து நிமிஷம் மறைச்சேன். அந்தப் பிள்ளை கழுத்துல பவுடர் போட்டு நிக்க வெச்சேன்.”

டீச்சர் ஒரு முறுக்கை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

“தெரியும் ஆயாம்மா.”

“எப்படி டீச்சர்?”

“செல்வியைக் கழுவினது நான்தானே? முதல் சொம்புத் தண்ணி பால் மாதிரி ஓடிச்சு. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதும் கையில பவுடர் வாசனை.”

“தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க? ஆர்டர் போச்சே.”

“பத்து நிமிஷம் கழிச்சாவது வந்தீங்க. நீங்க வராம இருந்திருந்தா ஆறு பேரையும் நான் மேடைக்கு ஏத்தியிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. ஆர்டரை நினைச்சு இல்ல.” முறுக்கைக் கடித்தார். “அடுத்த தடவை அந்தப் பத்து நிமிஷம் வேண்டாம். சாப்பிடுங்க.”

பள்ளிக்கூடம் திறந்ததும் தாளாளர் ஐயாவிடமும் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “போய் வேலையைப் பாரு” என்றார். நிறுத்தவில்லை. அதற்காக ஆர்டரும் ஜூனில் வந்துவிடவில்லை. அதற்கு அடுத்த ஜூனில்தான் வந்தது. அது வரைக்கும் டீச்சர் தற்காலிகமாகவே அரைச் சம்பளம் மாதிரி ஒரு சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து போனார். ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த டிசம்பரில் ஹெச்.எம். அம்மா, ஆடே வேண்டாம் என்றார். டீச்சர், “ஆடு இருக்கும் மேடம். ஆயாம்மாதான் தைப்பாங்க” என்றார்.

புது முடி, ஏழு இல்லை, ஒன்பது தண்ணீர். தைத்து முடித்ததும் ஒரு பனியனை நனைத்துப் பிழிந்து என் வெறும் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் அதோடுதான் பெருக்கினேன், தண்ணீர் பிடித்தேன். பிள்ளைகள் பின்னாலேயே ‘மே, மே’ என்று வந்தார்கள். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வி அப்போது இரண்டாம் வகுப்பு. பல் முளைத்திருந்தது. கழுத்தில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. சாயங்காலம் வந்து என் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஆயாம்மா, கடிக்குதா?”

“இல்ல கண்ணு.”

அவள் நம்பவில்லை. என்னைக் குனியச் சொல்லி, முடிக்குள்ளே விரலை விட்டு, என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.